கிராம்பு அண்ணன்

மாலை ஆறரை மணி. பெரிய நூலகத்தின் பின்பக்கம் போகிற சாலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். அந்த நேரத்துக்கு அங்கே நாய்கூட நடக்காது. அந்தச் சாலையில்தான் என் நண்பனின் அக்கா தனியாக இரவு வேலைக்குப் போனாள்... சிரிக்காதே. மின்சாரம் வந்துவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன், காதை இங்கே கொடு.

அக்காவுக்கு நூலகத்தில் புத்தகம் செப்பனிடும் வேலை. அந்த வருடம் நிலவறையில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் அலமாரி அலமாரியாகப் பூசணம். பச்சை, சாம்பல், கறுப்பு. பூசணம் பிடித்த புத்தகத்தை இஷ்டத்துக்குத் தொட முடியாது. ஈரமாக இருந்தால் துடைக்கவே கூடாது, இன்னும் அப்பிக்கொள்ளும். தாளில் சுற்றி ஃப்ரீசருக்கு அனுப்ப வேண்டும். காய்ந்து பொடியானதை மட்டும் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளி, தூசி உறிஞ்சும் மிஷினின் வாய்க்குள் விட வேண்டும். அந்தப் பொடி நெஞ்சுக்குள் போனால் லேசில் விடாது. அதனால் கையுறை, கண்ணாடி, ஃபில்டர் வைத்த மாஸ்க். ஃபில்டர் நன்றாக இருந்தால் எந்த வாசனையும் தெரியாது. வாசனை தெரிந்தால் ஃபில்டர் செத்துவிட்டது, போட்டதைப் போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். பொடி கட்டிடம் முழுக்கப் பரவாமலிருக்க, வெளியே இருப்பவர் கதவைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். அவ்வப்போது கதவைத் தட்டுவார். டொக்... டொக். நலமா என்று அர்த்தம். உள்ளேயிருந்தும் டொக்... டொக். நலம். பதில் வராவிட்டால் டேப்பைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும். யார் அது மேசையைத் தட்டுவது? வேண்டாம்.

கேள்விக்கும் இரண்டு தட்டு, பதிலுக்கும் இரண்டு தட்டு. காப்பாற்று என்பதற்கு மட்டும் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை.

அக்காவோடு முறை மாற்றி வேலை செய்தவரை எல்லோரும் கிராம்பு அண்ணன் என்பார்கள். உள்ளே போகிறவர் வாயில் போட்டுக்கொள்ள ஒரு கிராம்பு கொடுப்பார், அதனால். தான் மட்டும் ஒரு நாளும் போட மாட்டார், வயிறு எரியுமாம். மூத்தவர் என்பதால் இரண்டு பேரின் மாஸ்க்குக்கும் ஃபில்டர் மாட்டுவது அவர் பொறுப்பு. அக்காவுக்கு ஒரு மாதமாக வறட்டு இருமல். மருந்து வாங்கித் தந்தவரும் அவரே. கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று அக்கா வீட்டில் சொல்லுவாளாம். கூடப் பிறந்த என் நண்பனுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

அக்காவுக்கு முன்னால் அவரோடு இதே நிலவறையில் வேலை செய்தவன் நெட்டை என்று ஒருவன். நெஞ்சு கெட்டுச் செத்துப்போனான். புகை பிடித்தே கெடுத்துக்கொண்டான் என்று அண்ணன் வருத்தப்படுவார்.

அன்றைக்கு அக்காவின் முறை. ஈறு வீங்கியிருந்தது, காரம் பட்டாலே எரியும். அண்ணன் நீட்டிய கிராம்பை, அவர் மனசு நோகக் கூடாதென்று வாங்கி, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. டேப்பை இழுக்கும் சத்தம்... கர்ர்ர்.

நாலைந்து புத்தகம் முடிந்திருக்கும். மூக்கில் ஏதோ ஏறியது. நனைந்த கோணியின் வாடை. பூசணம்... மாஸ்க்குக்குள்.

அக்கா பிரஷ்ஷை வைத்துவிட்டு, மிஷினை அணைத்தாள். கதவைத் தட்டினாள். வெளியே சத்தமில்லை. கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது.

டொக்... டொக்.

நலம் என்று எடுத்துக்கொண்டார் போல. இவள் படபடவென்று தட்டினாள். மறுபடியும் அதே நிதானம். டொக்... டொக். கூடவே ஒரு இருமல்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதில் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், அலமாரியிலிருந்து வந்தது... மாஸ்க்குக்குள் இப்போது வேறு வாசனை. கிராம்பு. வெகுநேரம் மென்ற கிராம்பு, காதோரம் சூடான மூச்சோடு. அவளுடைய கிராம்போ பையிலேயே இருந்தது.

திரும்பிப் பார்த்தாளா என்று கேட்காதே. பார்க்கவில்லை. தோளால் கதவை இடித்தாள், டேப் பிய்ந்தது, வெளியே வந்து விழுந்தாள்.

முக்காலியில் அண்ணன் இல்லை. அவருடைய மாஸ்க் மட்டும் இருந்தது. அதன் ஃபில்டர் பால் வெள்ளை, ஓரத்தில் பேனாவால் ஒரு சின்னச் சுழி. தன்னுடையது மாறிவிடாமலிருக்க அவர் போடுகிற அடையாளம் அது. அக்கா தன் மாஸ்க்கைக் கழற்றி ஃபில்டரைத் திருகி எடுத்தாள். கரித்துணி மாதிரி இருந்தது. அதன் ஓரத்திலும் அதே சுழி.

அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஃபில்டரை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நாத்தம் தெரிஞ்சுதா? அப்போ நீ கிராம்பு போடலையாம்மா?"

குரலில் அதே பாசம். அந்தக் கேள்வியிலேயே அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புது ஃபில்டர் குறைவாகத்தான் வரும். புதியது அவருக்கு. அவர் கழற்றிப் போட்டது இவளுக்கு. அது தெரியாமலிருக்கக் கிராம்பு. அறைக்குள் இருந்தது என்னவென்ற பயத்தைவிட இதுதான் தாங்கவில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்லுகிறாள். அம்மா அம்மா என்று கூப்பிட்டே கழுத்தை அறுத்திருக்கிறார், பாவி.

"நெட்டைக்கும் கிராம்பு குடுத்தீங்களாண்ணே?"

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

அக்கா அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். மிச்சமிருக்கிற அலமாரி முடியட்டும், அப்புறம் விசாரிக்கலாம் என்றார் அவர். மறுநாள் அண்ணனின் முறை. அக்காவின் கண் முன்னாலேயே உறையைப் பிரித்து, புத்தம்புது ஃபில்டர் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அக்கா டேப் ஒட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மாடிப்படி பக்கத்தில்தான் இருந்தது. அவளும் எழுந்து போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். அவள் போகவில்லை.

தட்டினாள். உள்ளேயிருந்து பதில் வந்தது. டொக்... டொக்.

அது ஓய்ந்ததும், இன்னொரு பதில். டொக்... டொக். பிறகு ஒரு இருமல்.

அக்கா டேப்பைக் கிழித்தாள். அண்ணன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார், கண் இமைக்கவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பேச வாயெடுத்தார்... வரவில்லை. அக்காதான் மாஸ்க்கைக் கழற்றினாள். ரப்பர் தடம் கன்னத்தில் பதிகிற அளவுக்கு இறுக்கம், ஊசி நுழைய இடமில்லை. ஃபில்டர் அப்படியே வெள்ளையாக இருந்தது.

அவர் குனிந்து உள்ளங்கையில் துப்பினார். கிராம்பு. மென்று சக்கையான கிராம்பு, எச்சில் ஈரம்கூடக் காயவில்லை. மறுபடி துப்பினார். இன்னொன்று... அப்புறம் இன்னொன்று...

ஆம்புலன்ஸ் வருகிறவரை துப்பிக்கொண்டே இருந்தாராம்.