சித்தப்பா வாசிக்க வேண்டிய வசனம்

கூடுவாஞ்சேரியில் ரயில் கிளம்பியதும் எதிர் சீட்டுப் பெண் தன் தோழியின் தோளைத் தட்டினாள்.

"ஏய், சித்தப்பாவை எங்க உக்கார வைக்கணும்னு தெரிஞ்சிடுச்சுடி!"

நான் பாட்டை நிறுத்தினேன். இயர்போனைக் கழற்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டு ஜெபத்துல வட்டமா உக்காந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்போம்ல? இந்த வாரம் வாசிக்கிற அதிகாரத்துலதான் அந்த நுகம் வசனம் இருக்கு, அது அவர் வாயால வரணும்."

"உன் கல்யாணத்தை நிறுத்தின வசனமா?"

"ஆமா. அந்நியரோட ஒரே நுகத்துல சேரக் கூடாதாம், அதனால வேற ஜாதிப் பையன் வேணாமாம். அப்பாவும் தலையாட்டிட்டாரு. அவனும் சர்ச்சுக்குத்தாண்டி போறான்! வசனம் சொல்றது விசுவாசம் இல்லாதவங்களை. அந்த வார்த்தையைச் சித்தப்பா முழுங்கிட்டாரு."

"பாதி வசனத்துலயே கல்யாணம் போச்சா!"

"பாதி வசனத்தை வச்சுக்கிட்டு அடிமையே வச்சிருந்தாங்க. அமெரிக்காவுல எஜமானுக்குக் கீழ்ப்படின்னு கறுப்பர்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டு, கடவுள் அடிமைகளை மீட்ட கதையை மறைச்சிட்டாங்க. அப்புறம் வெள்ளைக்காரி கறுப்பனைக் கட்டக் கூடாதுன்னு இதே நுகத்தைத் தூக்கினாங்க."

"சித்தப்பா பாதியில நிறுத்திட்டா?"

"அம்மா விடுவாங்களா? ஒரு எழுத்து விட்டாலே திரும்ப வாசிக்கச் சொல்லுவாங்க."

பெருங்களத்தூர் தாண்டும்வரை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். தாம்பரத்தில் எழுந்தபோது சொன்னாள்:

"ஒரு ஆள் குறையுதுடி, அம்மாவுல ஆரம்பிச்சு கடைசி ஆளா உக்கார வச்சாலும் முந்தின வசனம்தான் அவருக்கு வருது. நீ வந்து அம்மா பக்கத்துல உக்காரு."