பதில் குரல்

பின்னேரம் நாலு மணி. டார்ஜீலிங்கில், தேயிலைத் தோட்டத்து நடுவே போகிற ஒற்றைப் பாதை. மனித நடமாட்டம் இல்லை...

கரண்ட் வரும்போது வரட்டும். அந்த லாந்தரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண்ணைக் குத்துகிறது. இன்னொன்று. இடையில் கேள்வி கேட்கிறவர் எழும்பித் தனியாக வீட்டுக்கு நடக்கலாம். நான் தடுக்க மாட்டேன்.

அந்தப் பாதையில் நடந்தவர்கள் றொபின்சனும் அவன் மனைவி அஜித்தாவும். றொபின்சன் வேறு யாருமில்லை, நம் எமிலியா அக்காவின் தம்பி. கற்பிட்டியில் டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போகிறவன். அப்படி வந்த கல்கத்தாக்காரர் ஒருவர், தோட்டத்து பங்களா சும்மாதான் கிடக்கிறது, வந்து தங்குங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். கல்யாணமான புதிது. நுவரெலியாவில் இல்லாத தேயிலையா என்று ஊரே கேட்டது. அஜித்தா ஆசைப்பட்டாள், போனார்கள்.

பங்களாக் காவல்காரருக்கு இவர்கள் பாஷை தெரியாது. புறப்படும்போது மலையைக் காட்டினார். இறங்கி வருகிற பனியைக் காட்டினார். பிறகு தன் வாயில் விரலை வைத்தார். யாரோ பெரிய மனிதர் நித்திரை கொள்கிறார், சத்தம் போடாதே என்கிறார் போல என்று றொபின்சன் நினைத்துக்கொண்டான்.

அரைக்கட்டைத் தூரம், அரை மைல்தான், நடந்திருப்பார்கள். பனி வந்து மூடியது. நம் தை மாதத்துப் பனியெல்லாம் அதற்குக் கிட்டவும் வராது. நீட்டிய கையே தெரியவில்லை. எட்டி அஜித்தாவின் கையைப் பிடித்தான், விரலில் கல்யாண மோதிரம் உறுத்தியது. பச்சைத் தேயிலையைக் கசக்கிய வாசம்... எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்... வேறொன்றுமில்லை.

அப்போது கீழே பள்ளத்திலிருந்து கேட்டது.

"ஓ...ய்..."

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் களப்புத் தண்ணீரில் பனி விழுந்த நேரம் யாராவது கூப்பிட்டால், கேட்டவன் பதில் குரல் கொடுக்க வேண்டும். கூப்பிட்டவனின் வள்ளம் வந்து தட்டும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீராப் பகைக்காரன் என்றாலும் சரி. றொபின்சனின் அப்பா யாகப்பு ஒருமுறை அப்படித்தான் உயிரோடு கரை சேர்ந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஓ...ய்... இஞ்சால, இஞ்சால வாங்க."

அவன் பிடித்திருந்த கை சட்டென்று இறுகியது. பயந்துவிட்டாள் என்று நினைத்தான்.

"ஒண்டுமில்லை அஜி. ஆரோ வழி தவறிட்டாங்க."

உஷ் என்று ஒரு மூச்சு மட்டும் பக்கத்தில் கேட்டது. மறுபடியும் கூப்பாடு, கொஞ்சம் கிட்ட. பதில் கொடுத்தான். கை இன்னும் இறுகியது, நகம் பதிந்தது. செடிகள் சரசரவென்று விலகுகிற சத்தம். மூன்றாம் முறை குரல் தெளிவாக வந்தது.

"றொபின்... எங்க நிக்கிறீங்க? என்ட கையை விட்டுட்டு எங்க போனீங்க?"

அஜித்தாவின் குரல்.

கீழே இருந்து வருகிறவள் அஜித்தா என்றால், கையில் இருப்பது யார்? உதறிவிட்டான். பாவி, யோசிக்கவேயில்லை, உதறிவிட்டான். பக்கத்தில் ஒரு விசும்பல் கேட்டது... பிறகு அதுவும் இல்லை. செடிகளை விலக்கிக்கொண்டு அஜித்தா ஏறி வந்தாள். நனைந்த முடி, கன்னத்தில் கீறல். அவளைக் கட்டிப்பிடித்து அழுதான்.

பங்களா வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் தன் உள்ளங்கையைப் பார்த்தான். மோதிரம். உதறியபோது கழன்று வந்திருக்கிறது. உள்ளே றொபின்சன் என்று வெட்டிய அதே மோதிரம். அஜித்தாவின் விரலில் மாட்டப் பார்த்தான். மூட்டைத் தாண்டவில்லை.

"பனிக்கு விரல் வீங்கிட்டுது" என்றாள்.

காவல்காரர் அவளை ஒருதரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பங்களாப் பக்கமே வரவில்லை.

ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வீக்கம் இன்னும் வற்றவில்லை, மோதிரம் அலுமாரியில் கிடக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகச் சமைக்கிறாள், சண்டை பிடிக்கமாட்டாள். ஒரு பெண்பிள்ளையும் பிறந்து, இப்போது மழலை பேசுகிறது. றொபின்சனுக்கு அந்தப் பிள்ளை என்றால் உயிர்.

போன வருஷம் தையில்தான் அது தொடங்கியது. பனி விழுகிற விடியல்களில் களப்பிலிருந்து ஒரு குரல். "ஓ...ய்... றொபின்... எங்க நிக்கிறீங்க..." பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலுக்கு அந்தப் பெயர்க்காரன்தான் பதில் கொடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. றொபின்சன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவான். பதில் கொடுத்தால் அவள், அந்த மோதிரத்துக்குச் சொந்தக்காரி, வந்துவிடுவாள். வந்தால், வீட்டில் இருக்கிறவள் பிள்ளையை என்ன செய்வாளோ என்று பயம். கொடுக்காவிட்டால் அவள் அந்தப் பனிக்குள்ளேயே திரிய வேண்டும். பதில் குரலால் தகப்பனைத் திரும்பப் பெற்றவன், தாலி கட்டியவளுக்கு அதைக் கொடுக்க முடியாமல் கிடந்தான்.

நேற்று விடியவும் பனி. குரல் வந்தது. றொபின்சன் வாயைப் பொத்திக்கொண்டான். முற்றத்தில் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்த பிள்ளை தலையை நிமிர்த்தியது. கரையில் ஆட்கள் செய்கிற மாதிரியே, இரண்டு கையையும் வாயில் குவித்தது.

"ஓ...ய்... இஞ்சால வாங்க."

குசினியில் ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது.

அடுத்த கூப்பாடு களப்பிலிருந்து வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.