செய்தி எழுதும் தேர்வில் தோற்ற பேராசிரியர்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, நாளிதழ் ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் நம் பேராசிரியரின் துணைவியார் அவர்களே, செய்தி அறையிலிருந்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, உட்கார இடமில்லாமல் ஜன்னலோரம் நெருக்கியடித்து நிற்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருடைய துக்கத்துக்குப் பக்கத்தில் என் துக்கத்தையும் வைத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தாங்கள் எவ்வளவு மதித்தோம் என்று சொன்னார்கள். என்னால் அப்படித் தொடங்க முடியவில்லை. நான் இந்தத் துறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, மூன்றாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவள். நம் பேராசிரியர் எனக்குச் சக ஆசிரியராக வருவதற்கு முன்னால் மாணவராக வந்தார். அவருக்கு 'செய்தி எழுதுதல்' பாடத்தில் முப்பத்தொரு மதிப்பெண் போட்டுத் தோல்வியடைய வைத்தவள், இதோ, உங்கள் முன் நிற்கும் நான்தான்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்தான்.

இருபத்தோரு வயதில் ஒரு மாலை நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவராகச் சேர்ந்தவர் அவர். எழுத்துப் பிழை பார்த்தவர் நிருபரானார். ஆறு வருடம் நீதிமன்ற வராந்தாக்களில் நின்றார். நாற்பது வயதுக்குள் செய்தி ஆசிரியரானார். கைநிறைய வேலை, ஊர் முழுக்கத் தெரிந்த முகம். அப்படிப்பட்டவர் எதற்காக அந்த நாற்காலியை விட்டுவிட்டு ஒரு கல்லூரியின் மர பெஞ்சுக்கு வந்தார்? பதவி உயர்வுக்கா? ஓய்வுக்கா? இல்லை, தோழர்களே, இல்லை! ஒரு தாயின் கேள்விதான் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

ஒரு நாள் காலை நெடுஞ்சாலையில் பேருந்து விபத்து. பதினொரு பேர் இறந்துபோனார்கள். மருத்துவமனைக்கு ஓடியவர், வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான ஒரு பெண் நிருபர். வாசலில் ஒரே கூட்டம், அழுகை. யாரோ ஒருவர் பெயர்களைப் படிக்க, இவர் எழுதிக்கொண்டார். பக்கம் முடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. நம் பேராசிரியர் பட்டியலைப் பார்த்தார். பெயர்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். அனுப்பிவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்குப் பத்திரிகை வெளியே வந்தது.

பட்டியலில் ஏழாவது பெயருக்குரியவர் உயிரோடு இருந்தார்.

அந்த மனிதர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கியிருந்தார். பையை மறந்துவிட்டார். அடையாள அட்டையும் செல்போனும் அதற்குள் இருந்தன. அட்டையில் இருந்த பெயரைத்தான் வாசலில் யாரோ படித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை விஷயம் தெரிந்ததும் நம் பேராசிரியர் அலுவலகத்துக்குப் போகவில்லை. நேராக அந்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் அந்த மனிதரேதான்.

"நான் செத்துட்டேன்னு போட்டது நீங்கதானா?"

"நான்தாங்க."

"சரி, உள்ள வாங்க. எங்கம்மா வந்துட்டிருக்காங்க. அவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

தாயார் ஆறு மணி நேரத் தொலைவில், வேறோர் ஊரில் தனியாக இருந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகையைக் காட்டியிருக்கிறார். மகனுடைய செல்போனுக்கு எத்தனை தடவை அடித்தாலும் யாரும் எடுக்கவில்லை. விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்திருக்கிறார். அவர் கையில் செல்போன் கிடையாது; மகன் பக்கத்து வீட்டுக்கு அழைத்துச் சொன்னபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார். ஆறு மணி நேரம், தோழர்களே! மகன் இறந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு ஒரு தாய் ஆறு மணி நேரம் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதை எந்த மறுப்புச் செய்தி ஈடுகட்டும்?

நம் பேராசிரியர் அந்த வீட்டுக் கூடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நண்பகல் வரை காத்திருந்தார். தாயார் வந்தார். வாசலிலேயே மகனைப் பார்த்தார். முகத்தைத் தடவினார், தோளைத் தடவினார், முதுகில் இரண்டு அடியும் வைத்தார். அப்புறம்தான் மூலையில் எழுந்து நின்றவரைக் கவனித்தார். யார் என்று மகன் சொன்னார். அந்த அம்மா திட்டவில்லை.

"ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதாப்பா?" என்றார். அவ்வளவுதான்.

அலுவலகம் திரும்பியதும் அந்தப் பெண் நிருபரைக் கூப்பிட்டார். வேலை போகப்போகிறது என்று நினைத்தபடி அவர் வந்து நின்றார். 

"பேரு யார் சொன்னா?"

"எல்லாரும் சொன்னாங்க சார்."

"எல்லாரும்னா யாரு?"

"தெரியல சார். அதக் கேக்கணும்னு எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கலயே சார்."

மறுநாள் முதல் பக்கத்தில் வருத்தம் வெளியானது. அதில் நிருபரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 'சரிபார்க்காமல் அனுப்பியவர் செய்தி ஆசிரியர்' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெண் நிருபர் இன்று ஒரு நாளிதழின் ஆசிரியராக இதே மேடையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொன்னேன். சற்று முன் 'நான்கே மாதமான' என்று சொன்னபோது அவர் தலையசைத்ததைப் பார்த்திருப்பீர்கள். நேற்று மாலை அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட தகவல் அது.

'யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை' என்ற அந்த வார்த்தை நம் பேராசிரியரைத் தூங்கவிடவில்லை. அடுத்த மாதமே எங்கள் துறைக்கு வந்தார். சனிக்கிழமை தோறும் ஒரு வகுப்பு எடுக்கட்டுமா என்று கேட்டார். எடுத்தார். ஒரே வருடத்தில் மாணவர்கள் வாரம் முழுக்கச் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். எதை எழுதிக்கொண்டு போனாலும் அவர் கேட்பது ஒன்றுதான். அந்தக் கேள்வியையே பட்டப்பெயராக்கி, முதுகுக்குப் பின்னால் 'யார்சொன்னா சார்' என்றார்கள். கடைசிவரை அதுதான் அவர் பெயர். அவருக்கும் அது தெரியும்.

முழுநேர ஆசிரியராக எடுத்துக்கொள்ளலாம் என்று கல்லூரி நினைத்தபோது விதி குறுக்கே வந்தது. முதுகலைப் பட்டம் வேண்டும். அவரிடம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் என்ன செய்தார்? நாற்பத்தைந்து வயதில் பத்திரிகை வேலையை விட்டார். விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்! திங்கள் முதல் வெள்ளிவரை மாணவர். சனிக்கிழமை அதே வகுப்பறையில், அதே மாணவர்களுக்கு ஆசிரியர்! வீட்டில் மகளும் அவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தார்கள். "அப்பா, கொஞ்சம் மனசுக்குள்ள படிங்க" என்று மகள் அதட்டியதை, அதோ, அவரே ஒப்புக்கொள்கிறார்.

தேர்வு வந்தது. 'செய்தி என்றால் என்ன? விளக்குக.' கேள்வித்தாள் என்னுடையது. பாடப்புத்தகத்தில் ஆறு வரையறைகள் இருக்கின்றன. நம் பேராசிரியர் ஒன்றைக்கூட எழுதவில்லை. அந்தப் பேருந்து விபத்தை எழுதியிருந்தார். நான்கு பக்கம். படித்தேன். மனம் கனத்தது. ஆனால் விதிப்படி அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

முடிவு வந்த அன்று என் அறைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் கச்சை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், எங்க தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

"கேட்டதுக்குப் பதில் எழுதல சார் நீங்க."

"ஆமா மேடம். நிருபர் இப்படிச் செஞ்சா நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்" என்றார். மறுதேர்வு எழுதினார். அறுபத்தொன்று வாங்கினார். அன்று என் அறையை விட்டுப் போகும்போது மட்டும் ஒன்று கேட்டார்: "மேடம் எந்தப் பேப்பர்ல வேலை பார்த்திருக்கீங்க?"

எதிலும் இல்லை! பதினேழு வருடம் இதழியல் கற்பித்த நான் ஒரு செய்தி அறைக்குள் கால் வைத்ததே இல்லை. கோடை விடுமுறையில் அவருடைய பழைய அலுவலகத்துக்கு என்னை ஒரு வாரம் அழைத்துப்போனார். நகராட்சிக் கூட்டத்துக்குப் போய் ஒரு செய்தி எழுதினேன். சிவப்பு மையில் ஏழு இடத்தில் 'யார் சொன்னா?' என்று எழுதி என் கையில் கொடுத்தார். "பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டேன். "முப்பத்தொண்ணு போடலாம் மேடம்" என்றார்!

அன்றிலிருந்துதான் நாங்கள் நண்பர்களானோம்.

அடுத்ததைச் சொல்வது எனக்கு எளிதல்ல. ஆனால் இதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்தால், அது அவருக்குப் பிடித்த பேச்சாக இருக்காது.

ஐந்து வருடத்துக்கு முன் மாணவியர் விடுதியில் பதினேழு பேர் வயிற்றுப்போக்கால் படுத்தார்கள். மாணவர்கள் நடத்தும் பயிற்சி இதழ் அதை விசாரித்தது. தண்ணீர்த் தொட்டி இரண்டு வருடமாகக் கழுவப்படவில்லை என்று எழுதியது. நம் பேராசிரியர் அதை நான்கு முறை திருப்பி அனுப்பினார். மருத்துவரைக் கேட்டீர்களா? தொட்டிக்குப் பொறுப்பானவரைக் கேட்டீர்களா? நிர்வாகத்தைக் கேட்டீர்களா? எல்லாம் கேட்டு, எல்லோருடைய பதிலையும் சேர்த்த பிறகே அச்சுக்குப் போனது.

அன்றைய நிர்வாகம் எங்கள் இருவரையும் கூப்பிட்டது. நான் அப்போது துறைத் தலைவர்.

"அடுத்த இதழ்ல மறுப்பு வரணும்" என்றார் செயலாளர்.

"தப்பு இருந்தா முதல் பக்கத்துலயே போடுறேன் சார். எது தப்புன்னு சொல்லுங்க."

"தப்பு சரிங்கிறது இல்ல விஷயம். வெளிய பேரு கெடுது."

"அப்ப மறுப்பு எதுக்குப் போடுறது சார்?"

பதிலுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. 'பயிற்சி இதழை அச்சிடுவது மறு உத்தரவு வரும்வரை நிறுத்தப்படுகிறது.' அதன் அடியில் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும். நான் போட்டேன். ஆம், நான்தான் போட்டேன்.

மறுநாள் நம் பேராசிரியர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "மேடம், 'அச்சிட'க் கூடாதுன்னுதானே இருக்கு? கையால எழுதக் கூடாதுன்னு இல்லையே?" என்றார். அன்று தொடங்கியதுதான் மாடிப்படிச் சுவரில் நீங்கள் பார்க்கும் கையெழுத்து இதழ். ஐந்து வருடம், ஒரு வாரம் தவறாமல்! பெற்றோர்கள் நின்று படித்தார்கள். பத்தே நாளில் தொட்டி கழுவப்பட்டது. துறைத் தலைவர் பதவி என்னிடமிருந்து முறைப்படி அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினாரா? எனக்குத் தெரிந்து இல்லை.

போன மாதம், இதய அறுவைக்குப் பின் அவரைப் பார்க்கப் போனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மாணவர்களின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். "அந்தக் கையெழுத்த நான் போட்டிருக்கக் கூடாது சார்."

பேனாவை மூடினார். "நீங்க போடலேன்னா வேற யாராவது போட்டிருப்பாங்கன்னு சொல்லி உங்களத் தேத்தலாம் மேடம். ஆனா அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வருத்தம் இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. இப்ப இல்ல."

தோழர்களே, என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் அது. ஏனென்றால் அது பொய் கலக்காத ஆறுதல்.

ஒன்பது நாளில் அவர் போய்விட்டார்.

அந்த வீட்டில் நான் இருந்தேன். கூடத்தில் அழுகை. துணைவியாரின் தொலைபேசி அடித்தது. எடுத்தால், கையெழுத்து இதழின் மாணவி. அழுதுகொண்டே கேட்கிறாள்: "அம்மா, மன்னிச்சிருங்க. சாருக்கு வயசு அம்பத்தெட்டா, அம்பத்தொம்பதா? காலேஜ் ரெக்கார்டுல அம்பத்தெட்டுன்னு இருக்கு."

உறவுக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்த வீட்ல கேக்குற கேள்வியா இது? போனை வைக்கச் சொல்லுங்க!"

இந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேக்கட்டும் அண்ணா. கேக்காம எழுதினாத்தான் அவருக்குக் கோவம் வரும்" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அம்பத்தொம்பதும்மா. ஸ்கூல்ல சேர்க்கும்போது ஒரு வயசு குறைச்சுப் போட்டுட்டாங்க. வேற என்ன வேணும், கேளு." கால் மணி நேரம், ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

மறுநாள் நாளிதழ்கள் மூன்றில் அவருடைய வயது தவறாக வந்தது. மாடிப்படிச் சுவரில் மட்டும் சரியாக இருந்தது.

அவருக்கு நாம் எதைச் செலுத்தப்போகிறோம்? மலர் வைத்தோம். மௌனம் காத்தோம். போதுமா? போதாது!

முதல்வர் அவர்கள் நேற்றுக் காலை அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்து கையெழுத்திட்டிருக்கிறார். பயிற்சி இதழ் வரும் திங்கட்கிழமை மீண்டும் அச்சில் வருகிறது. சனிக்கிழமை வகுப்பை நாளிதழ் ஆசிரியர் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார். செய்தி அறைத் தோழர்கள் மாதம் இரண்டு மாணவர்களைத் தங்கள் மேசையில் உட்கார வைப்பதாக வாக்களித்திருக்கிறார்கள். சபை சாட்சியாகச் சொல்கிறேன், தோழர்களே: இந்த வேலை நிற்காது. நிற்க விடமாட்டோம்!

இன்னும் ஒன்று. நேற்று இரண்டு மாணவிகள் என் வீட்டுக்கு வந்தார்கள். முதல் இதழுக்கு, ஐந்தாண்டுத் தடை பற்றி ஒரு கட்டுரையாம். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மிக மரியாதையாக, என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்: "அன்னைக்கு ஏன் மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

பேராசிரியர் அவர்களே, விதிமுறையைச் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். "பயந்துட்டேம்மா" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். என் பெயரோடு திங்கட்கிழமை வருகிறது. எல்லோரும் வாங்கிப் படியுங்கள்.

வணக்கம்.