ஐந்து இருபத்தைந்துக்கு வேம்பம்பாறையில் புறப்படும் பேருந்து

போடிநாயக்கனூர் கிளை நேரக்காப்பாளர் திரு. ம. காசிமாயன் அவர்களின் பணிநிறைவு நாளில் உடன்பணியாற்றுவோர் வாசித்தளிக்கும் மடல்

காலத்தைக் கடமையெனக் காத்து நின்ற காசிமாயன் அண்ணே,

ஏலம் மணக்கும் எங்கள் நகரில், மழையென்றும் மலைப்பனியென்றும் பாராமல், முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காது பணிசெய்த மூத்தவரே, ஓடும் சக்கரத்தைவிட அதற்காகக் காத்து நிற்கும் கால்களைப் பெரிதாக எண்ணிய பெருந்தகையே, நிமிடத்துக்கு மதிப்பும் நெஞ்சுக்கு நேர்மையும் தந்த நேரக்காப்பாளரே, தங்களுக்குக் கிளைத் தொழிலாளர் அனைவரின் பணிவான வணக்கம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பை நடத்துநர் முத்துக்கண்ணனாகிய என்னிடம் தந்தார்கள். அடைமொழிகளை அடுக்க எனக்கும் ஓரளவு தெரியும். ஆனால் நேற்றுக் காலை பணிமனை வாசலில் தாங்கள் என்னை நிறுத்தி, “முத்து, ரொம்பத் தூக்கி எழுதாத. நடந்தத மட்டும் எழுது” என்றீர்கள். சொன்னபடியே எழுதுகிறேன். நடந்ததில் எங்களுக்குப் பெருமை தராத பகுதியும் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

1991-ஆம் ஆண்டு நடத்துநராகச் சேர்ந்து, பதினாறு ஆண்டுகள் பையும் பயணச்சீட்டுமாக ஓடி, பின்பு பேருந்து நிலையத்தின் நேரக்காப்பாளர் அறையில் அமர்ந்தீர்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்கும், எந்த ஊருக்குள் நுழையும், எத்தனை நிமிடம் நிற்கும் என்று அட்டவணை போடுவது தங்கள் வேலை. தாங்கள் போட்ட அட்டவணையில் ஒருநாளும் பிழை கண்டதில்லை என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். அந்தப் பெயரோடே தாங்கள் ஓய்வு பெற்றிருக்கலாம்.

2021 கார்த்திகையில் ஒரு காலை, போடிமெட்டு மலைப்பாதையின் வளைவொன்றில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் சென்ற ஜீப் ஒன்று சாய்ந்தது. உள்ளே பதினேழு பேர். அத்தனை பேரும் தேவாரம் பக்கத்து மலையடிவாரக் குடியிருப்பான வேம்பம்பாறையைச் சேர்ந்த பெண்கள். உயிர்ச்சேதம் இல்லை. பூப்பாறையிலிருந்து இறங்கி வந்த நம் பேருந்தை ஓட்டுநர் அன்புச்செல்வன் நிறுத்தி, அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு நேராக மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் விட்டார். அந்த வண்டி ஏன் தாமதம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்காகத்தான் தாங்கள் மருத்துவமனைக்குப் போனீர்கள்.

அங்கே பாண்டீஸ்வரி என்ற பெண் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து கிடந்தார். எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“ஏம்மா, பொம்பளையாளுகளுக்கு டவுன் பஸ்சுல டிக்கெட்டே கெடையாது. அத விட்டுட்டு இப்பிடி ஜீப்புல அடைஞ்சு போகணுமா?”

“பஸ்சு வருது அண்ணே” என்றார் பாண்டீஸ்வரி. “ஆனா அது போடிக்கு வந்து சேர ஆறு முப்பத்தஞ்சு ஆயிருது. மலைக்குப் போற பூப்பாறை பஸ்சு ஆறேகாலுக்கே எடுத்துர்றான். எட்டு மணிக்குத் தோட்டத்துல பேர் குடுக்கலைன்னா அன்னைக்குச் சோலி இல்ல. எதுல போகச் சொல்றீங்க?”

அந்த ஆறு முப்பத்தைந்தை அட்டவணையில் எழுதியது தங்கள் கை. ஆறேகாலுக்கு எடுக்கும் அந்தப் பூப்பாறை வண்டி வேறு கிளையுடையது, அதன் நேரத்தில் நாம் கைவைக்க முடியாது. வேம்பம்பாறைக்குக் கூடுதலாக ஒரு வண்டி கேட்டு மறுநாள் கிளை மேலாளர் முன் நின்றீர்கள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கையிலும் எதுவும் இல்லை.

“புது வண்டி கெடையாது, ஆளு கெடையாது, டீசல் ஒரு லிட்டர்கூட ஏத்தித் தர முடியாது. இப்ப ஓடுற கிலோமீட்டருக்குள்ள நீங்க எத வேணா மாத்திக்கங்க” என்றார்.

மற்றவர்கள் அந்தப் பதிலோடு திரும்பியிருப்போம். தாங்கள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த நான்கு மாதங்கள் தங்கள் வார விடுமுறை நாட்களெல்லாம் பேருந்துகளில் கழிந்தன. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், எந்த இடத்தில் வண்டி வீணாக நின்றது என்று பார்த்துப் பார்த்துக் குறித்தீர்கள். நாங்கள் தங்களைத் தப்பாக நினைத்தோம். நடத்துநர்களை உளவு பார்க்கத் தங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஓய்வறையில் பேச்சு ஓடியது. தாங்கள் ஏறினால் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அதற்காக இன்று வருந்துகிறோம்.

நான்கு மாத முடிவில் தாங்கள் கண்டுபிடித்தது இதுதான். வேம்பம்பாறை வண்டி, காலையில் போடிக்கு வரும்போது, வழியில் உள்ள மேலூத்துப்பட்டிக்குள் நுழைந்து கோயில் வரை சென்று திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பதினான்கு நிமிடம். அந்த முதல் நடையில் மேலூத்துப்பட்டிக்குள் ஏறுகிறவர்கள் சராசரியாக இரண்டே பேர். காலையில் மட்டும் ஊருக்குள் நுழையாமல், பணிமனையிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவும் எடுத்தால், வண்டி ஆறு பதினொன்றுக்குப் போடிக்கு வந்துவிடும். அதற்கும் முன்னால் எடுத்தால், இரவு கடைசி நடை முடித்துத் திரும்பும் ஓட்டுநருக்கு ஓய்வு போதாது. பூப்பாறைப் பேருந்தை ஓடியாவது பிடித்துவிடலாம். செலவும் கூடாது. மேலாளர் ஒப்புக்கொண்டார். 2022 வைகாசியில் அட்டவணை மாறியது.

மூன்றாம் நாள் மேலூத்துப்பட்டி மக்கள் பிரதான சாலையில் உட்கார்ந்து வண்டியை மறித்தார்கள். காவல்துறைக்குச் சொல்லலாம் என்றார்கள் சிலர். தாங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தங்கள் இருசக்கர வண்டியிலேயே கிளம்பினீர்கள். அந்த வண்டியின் நடத்துநர் நான் என்பதால் அங்கு நடந்ததை நேரில் பார்த்தேன்.

வசவு அரைமணி நேரம் நடந்தது. கூட்டம் சற்று ஓய்ந்தபோது, “காலையில ஊருக்குள்ள ஏறுறது ரெண்டு பேருதான்யா. நாலு மாசம் எண்ணிப் பாத்துட்டுத்தான் மாத்துனேன். ரெண்டு பேரு மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தா, அங்க நாப்பது பேருக்கு வழி பொறக்கும்” என்றீர்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து தையற்காரர் இனியவன் முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முகம் வீங்கியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை.

“அந்த ரெண்டு பேருல ஒருத்தன் நானு அண்ணே. ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு நாளு தேனிக்குப் போயி ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வர்றேன். கோயில் வாசல்ல ஏறிக்கிருவேன். மெயின் ரோடு வரைக்கும் என்னால நடக்க முடியல. முந்தாநாளு நடந்து பாத்தேன், பாதியில உக்காந்துட்டேன். பஸ்சு போயிருச்சு. அன்னைக்கு மிஷின்ல போட முடியல.”

அந்தக் கூட்டத்தின் முன்னால், அத்தனை பேர் காதிலும் விழும்படி, “நான் எத்தன பேருன்னு எண்ணுனேன். எதுக்குப் போறாங்கன்னு கேக்கல. தப்பு என்மேலதான்” என்றீர்கள். நாளை முதல் வண்டி பழையபடி ஊருக்குள் வரும் என்றும் சொன்னீர்கள். மறியல் அத்தோடு முடிந்தது.

தாங்கள் போடிக்குக் கிளம்பும் முன், வேம்பம்பாறைப் பெண்களுக்கு என்ன சொல்வது என்று நான் கேட்டேன். “எனக்கே தெரியல முத்து” என்றீர்கள். இரண்டே நாள் பேருந்தில் போன அந்தப் பெண்கள் மறுபடியும் ஜீப்பில் ஏறினார்கள். அந்த ஆனியும் ஆடியும் தங்களுக்கு எப்படிக் கழிந்தன என்பதைத் தங்கள் துணைவியார் பின்னால் சொல்லித்தான் அறிந்தோம். வீட்டில் தாளும் பேனாவுமாக அதே அட்டவணையை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தீர்களாம்.

ஆவணியில் தங்களுக்கு வழி தெரிந்தது. கடைசி நடை முடிந்ததும் அந்த வண்டி வேம்பம்பாறையிலிருந்து வெறும் வண்டியாகப் பணிமனைக்குத் திரும்பும். விடிவதற்குள் மறுபடியும் வெறும் வண்டியாக அங்கே போகும். போக வர முப்பத்தாறு கிலோமீட்டர், ஒரு பயணிகூட இல்லாமல். வண்டி வேம்பம்பாறையிலேயே தங்கிவிட்டால் அந்த முப்பத்தாறும் மிஞ்சும். காலை ஐந்து இருபத்தைந்துக்கு அங்கிருந்து எடுத்து, மேலூத்துப்பட்டிக்குள்ளும் நிதானமாகச் சென்று, ஆறு ஐந்துக்குப் போடிக்கு வந்துவிடலாம். மிஞ்சிய கிலோமீட்டரில், மலையிலிருந்து இறங்கும் பெண்கள் வீடு திரும்ப மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு புதிய நடையும் விடலாம். வண்டியும் கூடாது, டீசலும் கூடாது. கூடுவது ஒன்றுதான். ஓட்டுநரும் நடத்துநரும் வீட்டுக்குப் போகாமல் அங்கே படுக்க வேண்டும்.

நாங்கள் மறுத்தோம். தொழிற்சங்கக் கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கப் பேசியவன் இந்த முத்துக்கண்ணன்தான்.

“மலையடிவாரம் அண்ணே. யானை எறங்குற எடம். படுக்க ஒரு ரூமு இல்ல, கக்கூசு இல்ல. உங்களுக்கு அட்டவணை சரியா வந்தாப் போதும், நாங்க அங்க கெடந்து சாகணுமா?” என்று கேட்டேன்.

தாங்கள் கோபப்படவில்லை. “நீ கேக்குறது நியாயம். ரூமு இல்லாம யாரையும் அனுப்ப மாட்டேன். ரூமு கெடைச்சதும் மொத பத்து நாளு நானும் வந்து உங்களோட படுக்குறேன். சரியில்லைன்னு நீங்க சொன்னா, நானே எழுதிக் குடுத்து நிப்பாட்டிர்றேன்” என்றீர்கள்.

வேம்பம்பாறை மகளிர் குழுவினர் தங்கள் கூட்ட அறையைத் தந்தார்கள். அதைத் திறந்துவைத்தவர் பாண்டீஸ்வரி, அப்போது ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தார். கழிப்பறைக்கு ஊரார் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். தாங்கள் ஐம்பத்தேழு வயதில் பாயும் போர்வையுமாக வந்து சேர்ந்தீர்கள். பகலில் நிலையத்தில் பணி, இரவில் எங்களோடு. ஏழாம் நாள் காலையில் பக்கத்து வாழைத் தோட்டத்தில் யானை மிதித்த தடம் பார்த்தோம். அன்று அன்புச்செல்வன், “இன்னைக்கு ராத்திரி நான் வரலண்ணே” என்றார். தாங்கள் சரி என்று சொல்லிவிட்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனீர்கள். யானை நடமாட்டம் தெரிந்தால் அறைக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல அவர்களிடம் ஏற்பாடு செய்தீர்கள். அறையின் சுற்றுச்சுவரில் விளக்கும் போட வைத்தீர்கள். மூன்று நாள் கழித்து அன்புச்செல்வன் தாமாகவே திரும்பி வந்தார். பத்து நாள் முடிந்ததும் எங்கள் கருத்தைக் கேட்டீர்கள். நிறுத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் ஒரே ஆள் மாதம் முழுவதும் தங்கக்கூடாது, முறை வைத்து மாற்ற வேண்டும் என்றோம். அன்றே மாற்றினீர்கள்.

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. வேம்பம்பாறையிலிருந்து மலைக்குப் போகும் நாற்பது பெண்களில் முப்பத்தோரு பேர் இன்று பேருந்தில் போகிறார்கள். மற்றவர்கள் போகும் தோட்டம் பேருந்துச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது, அவர்களுக்கு இன்னும் ஜீப்தான். இனியவனுக்குச் சென்ற ஆண்டு அவருடைய அக்கா சிறுநீரகம் கொடுத்தார். இப்போது மேலூத்துப்பட்டியிலேயே கடை திறந்து தைக்கிறார். இந்த மேடையில் தாங்கள் அணிந்திருக்கும் சட்டை அவர் தைத்துக் கொடுத்தது. வாங்க மறுத்த தங்களை வற்புறுத்தி அணியவைத்தோம்.

இது போன்று ஏழு தடங்களைத் தாங்கள் திருத்தினீர்கள். ஒவ்வொன்றிலும் ஏறுகிறவர்களை எண்ணியதோடு நில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டீர்கள். எட்டாவதாக முந்தலுக்கு மேற்கே உள்ள குடியிருப்புக்கு ஒரு காலை நடை கேட்டு எழுதியிருந்தீர்கள். கிலோமீட்டர் இல்லை என்று சென்ற மாதம் திரும்பி வந்துவிட்டது. அந்தத் தாளைத் தாங்கள் அலமாரியில் வைத்ததைப் பார்த்தோம்.

தங்களுக்குப் பின் நேரக்காப்பாளர் நாற்காலியில் அமரவிருக்கும் பவித்ரா, அன்புச்செல்வன், நான் ஆகிய மூவரும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டோம். சென்ற இரண்டு வார விடுமுறைகளிலும் முந்தல் வண்டியில் போய்வந்தோம். முதல் நாள் எங்களோடு பேச யாருக்கும் விருப்பமில்லை. இரண்டாம் நாள் ஐந்து பேர் பேசினார்கள். இதைத் தங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தோம், இந்த மடலில் சொல்கிறோம்.

அண்ணே, அலாரம் வைக்காத காலைகளும், அவசரமில்லாத நடையும், நோய் அணுகாத உடலும், துணைவியாரோடும் பிள்ளைகளோடும் அமர்ந்துண்ணும் நெடிய ஆண்டுகளும் தங்களுக்கு வாய்க்க வேண்டும் என மனமார விழைகிறோம். வரும் ஞாயிறு காலை முந்தல் வண்டியில் மூன்றாவது இருக்கையைத் தங்களுக்காகப் பிடித்து வைப்போம். விருப்பமிருந்தால் வாருங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பணிமனைத் தொழிலாளர்கள், அலுவலகப் பணியாளர்கள்,
போடிநாயக்கனூர் கிளை.
31 மே 2025