போன் ஓரத்துப் பிறை

ஒரு டம்ளர் டீ போடுவதும் ரெண்டு டம்ளர் டீ போடுவதும் ஒரே வேலைதான். அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று. ஆனால் ஒரு டம்ளர் போடுகிறவளுக்கு இஞ்சி தட்டிப் போடத் தோன்றாது. நான் பல வருஷம் இஞ்சி இல்லாமல்தான் குடித்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இங்கே தொடங்குகிறேன். நீங்கள் பொறுமையாகக் கேட்கிறவர்கள். பாதியில் எழுந்து போய்விடமாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

என் பெயர் கஸ்தூரியம்மாள். பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் திருவேங்கடம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் தேவேந்திரன் மஸ்கட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகம் காட்டுவான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் போனைக் கற்றுக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், தெரியாததைத் தொட்டுப் பார்ப்பேன், கெட்டுப்போனால் அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். அப்படியே கை பழகிவிட்டது. பஜாரில் இருக்கிற கடைக்காரன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்பான். நான் டீ கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பேன். அதனால் குப்பத்துப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். வேலை முடிந்ததும் போய்விட்டார்கள். அது நியாயம்தான். மீன் காத்திருக்காது.

போன ஐப்பசியில் ஒரு கம்பெனி போன்களுக்கெல்லாம் அப்டேட் வந்தது. ஒருத்திக்கு எழுத்து பெரிசாகிவிட்டது, ஒருத்திக்கு சார்ஜ் நிற்கவில்லை. அடுத்த தெரு ஜமுனாவுக்கு மணியே அடிக்கவில்லை.

ஜமுனாவின் வீட்டுக்காரன் தருமலிங்கம் ஃபைபர் படகு வைத்திருந்தான். மாணிக்கம் என்கிற கூட்டாளியோடு விடியலில் கடலுக்குப் போய் மத்தியானத்துக்கு மேல் திரும்புவான். மகள் நிவேதா சென்னையில் விடுதியில் தங்கி நர்சுக்குப் படிக்கிறாள். ஜமுனா வந்து போனை என் மடியில் போட்டாள்.

"பேஜாரா கீது அத்தே. போன் வந்ததே தெரியல. அப்புறமா எடுத்துப் பார்த்தா வந்து போயிருக்குனு காட்டுது. அந்தாளு என்னைத் திட்டிக்கினு கீறாரு."

அந்தத் திட்டுக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் கடலில் இருக்கிற ஆண்கள் போனில் பேசுவது அபூர்வம். காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் ஒன்றும் கேட்காது. மணி மட்டும் அடிப்பார்கள். ஒரு தடவை அடித்து நின்றால், முகத்துவாரம் தாண்டி ஏரிக்குள் வந்தாயிற்று, உலை வை. ரெண்டு தடவை என்றால் நல்ல மீன், ஐஸ் பெட்டியோடு கரைக்கு வா. விட்டு விட்டு மூன்று தடவை என்றால் இன்ஜின் போச்சு, கயிற்றோடு ஒரு படகை அனுப்பு. கரையில் யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் கணக்குக் குழம்பிவிடும். மணியே அடிக்கவில்லையென்றால் வலை இன்னும் தண்ணீரில் இருக்கிறது, கவலை இல்லை என்று அர்த்தம்.

முதல் சில நாள் எனக்கு உண்மையாகவே பிடிபடவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். அணைத்துப் போட்டேன். வேண்டாத படங்களை அழித்து இடம் ஒழித்தேன். நான் நோண்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஜமுனா என் கூடத்தில் உட்கார்ந்து இறால் உரித்தாள். என் தலையை வாரிவிட்டாள். கதை சொல்லு அத்தே என்பாள். சொல்வேன். அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். என் வீட்டில் இன்னொருவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. டீயில் இஞ்சி தட்டிப் போட ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டேன். திரையின் மேல் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பிறை. அப்டேட்டோடு வந்து தானாகவே விழுந்திருக்கிறது. அது இருந்தால் போன் வாயை மூடிக்கொள்ளும். விரலால் தொட்டேன், பிறை போயிற்று. என் போனிலிருந்து கூப்பிட்டேன். மணி கணீரென்று அடித்தது. ஜமுனா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஏன் வரவேண்டும்? ரெண்டு டம்ளர் போட்டு வைத்து ஒன்றைக் கீழே கொட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் வாசலில் கூடையோடு போனவளைக் கூப்பிட்டேன். போனைக் குடு, அந்தக் கோளாறு மறுபடி வருதானு பார்க்கிறேன் என்றேன். யோசிக்காமல் கொடுத்தாள். நான் பிறையைத் திரும்பப் போட்டேன்.

எழுதிவிட்டேன். எழுதும்போது விரல் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. ஒரு பெண்ணுக்கு மத்தியானத்தில் கொஞ்ச நேரம் உட்கார ஒரு காரணம் கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்று இருந்தது. சிலரைக் கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவார்கள், சிலரைச் சாப்பிடக் கூப்பிட்டால் வருவார்கள். ஜமுனாவைப் போன் கெட்டால்தான் கூப்பிட முடியும்.

இரண்டு நாளில் திரும்பி வந்தாள். அப்டேட் சரியில்லைடீ, உள்ளே போய் உட்கார்ந்துக்கினு இருக்குது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கணும் என்றேன். நம்பினாள். பிறகு தினமும் வந்தாள். மீன் விற்கிற மாலா தெருவில் நின்று கிண்டல் பண்ணுவாள்.

"இன்னா ஜமுனா, போனு ரிப்பேரா, இல்ல அத்தே வூட்ல தலைப்பிரசவமா? எழுந்து வரவே மாட்டேங்கிற?"

ஜமுனா சளைக்கமாட்டாள். "உனக்கு ஒரு டம்ளர் டீ கெடைக்கலனு வயித்தெரிச்சல்" என்பாள். என்னிடம் திரும்பி, "ஒரு அதிசயம் அத்தே. நீ பண்ணா மட்டும் மணி அடிக்குது. மத்தவங்க பண்ணா அடிக்கல" என்பாள். நான் மனசாரக் கூப்பிடுறேன்ல, அதான் என்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம்.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பிறை இருக்கும்போதும் இன்னாருடைய அழைப்பை மட்டும் உள்ளே விடு என்று சொல்லிவைக்க ஓர் இடம் இருக்கிறது. அதில் என் பெயரைப் போட்டிருந்தேன். அதே இடத்தில் தருமலிங்கத்தின் பெயரையும் போட்டிருக்கலாம். அவன் பெயர் என் பெயருக்கு இரண்டு வரி கீழேதான் இருந்தது. அதைத் தொட்டால் ஜமுனாவுக்குக் குறை ஒன்றும் இருக்காது. குறை இல்லாவிட்டால் வரமாட்டாள். நான் தொடவில்லை. அதையும் யோசித்துத்தான் செய்தேன். தெரியாமல் செய்ததாக எழுதினால் பொய்யாகிவிடும்.

அன்றைக்கு நல்ல வெயில். காலையில் வாடைக் காற்று கொஞ்சம் இருந்தது, ஏரி அதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஜமுனா சாப்பிட்டுவிட்டு வந்தாள். போனை முறத்தின் மேல் வைத்தாள். நான் அதைக் குப்புறத் திருப்பி வைத்தேன். மணி அடிக்காவிட்டாலும் அழைப்பு வந்தால் வெளிச்சம் வரும். அவள் பேச்சை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், அதனால் குப்புற வைப்பது என் வழக்கம்.

நான் என் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் அழைக்க என் பிறந்த ஊரான சுண்ணாம்புக்குளத்துக்குப் படகில் வந்த திருவேங்கடம், மாப்பிள்ளைத் தோரணையில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, முழங்கால் வரை சேற்றில் புதைந்து, காலை இழுத்தபோது வேட்டி சேற்றோடு நின்றுபோன கதை. ஜமுனாவுக்கு மூச்சு வாங்கியது.

அப்போது முறத்தின் மேல் போன் விளிம்பில் வெளிச்சம் கசிந்தது. அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தது. அணைந்தது. மறுபடி வந்தது.

நிவேதாவாக இருக்கும் என்று நினைத்தேன். யாராவது கேட்டால் இப்படிச் சொல்லவேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்த வார்த்தை இது. யாரும் கேட்கவில்லை. உங்களிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விட்டு விட்டு மூன்று தடவை வந்தால் என்னவென்று எங்கள் குப்பத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் நின்ற படகுகள் எத்தனையோ தடவை தானாகத் திரும்பி வந்திருக்கின்றன. வெயில் அடிக்கிறது. கதை முடியட்டும், பிறகு சும்மா எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்து, அடியே மூணு வந்திருக்குது பாரு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உடனே சொன்னால், குப்புற இருக்கிற போனில் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாளோ என்றும் நினைத்தேன். கதை முடிந்தது. "அந்த வேட்டி எடத்த இன்னொரு தபா சொல்லு அத்தே" என்றாள். சொன்னேன். நடுவில் ஒரு தடவை சின்னதாக வெளிச்சம் வந்து போயிற்று. மெதுவாகத்தான் சொன்னேன்.

கூடத்தில் வெயில் இறங்கிப்போனதும் அவளே எழுந்து போனை எடுத்தாள். பார்த்தாள். செருப்புப் போடாமல் ஓடினாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, செருப்பு வாசலிலேயே கிடந்தது. நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

படகுகள் போய்ச் சேர்ந்தபோது முகத்துவாரத்தில் மாணிக்கம் மட்டும் மணல் திட்டில் உயிரோடு கிடந்தான். இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதாம். தருமலிங்கம் மூன்று தடவை மணி கொடுத்திருக்கிறான். யாரும் எடுக்கவில்லை. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது என்று ஜமுனா சொன்னதை வைத்து, போன் சரியாகிவிட்டதாக அவன் நம்பியிருந்தானாம். எடுக்காததால் செய்தி சேர்ந்துவிட்டது, ஜமுனா படகு அனுப்பிவிட்டாள் என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு யாரையும் கூப்பிடவில்லை. மணி கொடுத்த பிறகு வேறு ஆளைக் கூப்பிடுவது வீட்டுக்காரியை நம்பாததுபோல ஆகும். அலை படகை மணல் மேட்டில் கொண்டுபோய்க் குறுக்கே போட்டுக் கவிழ்த்தது. தருமலிங்கத்தை மறுநாள் வடக்கே கரையில் கண்டெடுத்தார்கள்.

துக்க வீட்டில் எல்லோரும் அப்டேட்டைத் திட்டினார்கள். கம்பெனிக்காரன் விளங்கமாட்டான் என்றாள் மாலா. நானும் ஆமாம் என்றேன். ஜமுனா மட்டும் யாரையும் திட்டவில்லை. நான் உன் வூட்ல சிரிச்சிக்கினு இருந்தேன் அத்தே, அந்த நேரத்துல சிரிச்சிக்கினு இருந்தேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையை என் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால்தான்.

போனைக் கேட்டு வாங்கி, ஓர் ஓரமாகப் போய்ப் பிறையை எடுத்தேன். என் பெயரையும் அந்த இடத்திலிருந்து எடுத்தேன். அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். அந்தச் சின்ன வெளிச்சம் தருமலிங்கம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், ஜமுனா அதைத் திறக்கவே இல்லை. படகில் தண்ணீர் ஏறும்போது அவன் போனை வாயருகே வைத்து ஏதோ பேசினான் என்று மாணிக்கமும் சொல்லியிருந்தான்.

அதை நான் தனியாகக் கேட்டேன். அலைச் சத்தம் அதிகம். அதற்கு நடுவே நிதானமாகப் பேசுகிறான்.

"ஜமுனா, மூணு அடிச்சேனே, படகு கெளம்பிடுச்சா? மாணிக்கம் தண்ணி எறைச்சிக்கினு கீறான். நீ அத்தே வூட்லதானே கீற? போன அத்தே கையில குடு. அவங்க பார்த்துப்பாங்க."

அவ்வளவுதான். அழிக்க மனம் வரவில்லை. போனுக்குள்ளேயே அவள் போய்ப் பார்க்காத ஓர் இடத்தில் மறைத்து வைத்தேன்.

காரியம் முடிந்து நிவேதா விடுதிக்குத் திரும்பும்போது என்னிடம் வந்தாள். "நைனா கடைசியா இன்னா பேசுச்சுனு மட்டும் எடுத்துக் குடுங்க, அம்மா அதுக்காகத்தான் உசுரு வச்சிக்கினு கீது" என்றாள். அப்டேட் விழுங்கிவிட்டது, தேடிப் பார்க்கிறேன் என்றேன். கம்பெனியையோ அலையையோ குறை சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. போனில் இருந்த கோளாறு என்னுடையது. தருமலிங்கத்தைக் கொன்றது நான். இதை ஜமுனாவைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் சொல்ல முடிகிறது என்பதுதான் பெரிய அவமானம்.

அந்தக் குரலை அவளிடம் கொடுக்கலாமே என்பீர்கள். கேட்டால் தாங்கமாட்டாள். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். வேறு காரணம் இல்லை.

இப்போதெல்லாம் மத்தியானம் தவறாமல் வருகிறாள். போனை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்காருவாள். கெடச்சுதா அத்தே என்பாள். இன்னும் தேடுறேன்டீ, நாளைக்கு வா என்பேன். சிரிப்பதில்லை, ஆனாலும் டீயை முழுதாகக் குடிக்கிறாள். தெருவில் அவள் வருகிற சத்தம் கேட்கிறது. இஞ்சி தட்டி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் நாளைக்கு வா என்றுதான் சொல்லப்போகிறேன். பாவம், அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளுக்கும் ஒரு துணை வேண்டாமா?