விட்டுப்போன பதினாறு பக்கம்

மச்சான்: ...அதுக்காக ஒருத்தன் கிண்டல் பண்ணிச் சிரிக்கும்போது செருப்பைக் கழட்டிட்டு, ரெண்டு கையையும் ஏந்திட்டு நிப்பீங்களா மாப்ள?

பசை: மழை பெய்யுது. ஏந்தாம?

மச்சான்: அது மழையில்ல. நம்ம பட்டறை கட்டிங் மிஷின்காரன். பயந்துபோய் டீயைக்கூட வெச்சுட்டு ஓடிட்டான்.

பசை: பாவம். இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்.

மச்சான்: அங்க தங்கச்சி அழறா. லீவு நாள்ல யாரும் கிடைக்கலைன்னு அவளைச் சிரிக்கச் சொல்றீங்களாம்.

பசை: அவளுக்கு எங்க சிரிப்பு வருது... தூறல் மாதிரி ரெண்டு. அப்புறம் ஒரே அழுகை.

மச்சான்: போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க. நாற்காலியில யாரோ பசை தடவிட்டான், பேன்ட்டோட ஒட்டிக்கிச்சு, அதோடயே பஸ் ஏறி...

பசை: எல்லாரும் நின்னாங்க. நான் மட்டும் உக்காந்து போனேன்.

மச்சான்: பைண்டிங் பட்டறையே உங்களுக்குப் 'பசை'ன்னு பேர் வெச்சுது. வேலையை விடறேன்னு குதிச்சீங்க. அப்பகூட மனுஷனா இருந்தீங்க.

பசை: நீங்களும்தான் சிரிச்சீங்க.

மச்சான்: தங்கச்சி புருஷனாச்சே... திரும்பி நின்னு மரியாதையாத்தான் சிரிச்சேன்.

பசை: அப்பதான் இந்த வேதப் புத்தகம் கைகொடுத்துச்சு. 'ஊரே அவனைப் பார்த்து நகைத்தது.' பக்கத்தைத் திருப்பினா, 'அந்த மழையில் அவன் நிலம் குளிர்ந்தது.' சிரிப்புதான் மச்சான் மழை. அந்த உள்ளர்த்தம் புரிஞ்சதும் மனசு அப்படியே...

மச்சான்: பக்க எண்ணைப் பாருங்க.

பசை: எண்ணெல்லாம் மனுஷன் போட்டது.

மச்சான்: நூத்திப் பன்னெண்டுக்கு அடுத்து நூத்தி இருபத்தொம்பது. நடுவுல பதினாறு பக்கத்தைக் காணோம். நம்ம பட்டறைப் புத்தகம், பக்கம் அடுக்கினவன் நான். என் தப்பு. இதுல உள்ளர்த்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

பசை: நீங்க சரியாத்தான் அடுக்கினீங்க.

மச்சான்: அப்ப அந்தப் பதினாறு பக்கம்?

பசை: நான்தான் தையலைப் பிரிச்சு எடுத்தேன்.

மச்சான்: வேதத்துலயா கை வெச்சீங்க... எதுக்கு?

பசை: முழுக்கச் சாபம். சிரிச்சவங்களுக்கு அவன் விடற சாபம். நானும் தினம் ஒண்ணு வாய்விட்டுப் படிச்சேன். பசை தடவினவனுக்கு.

மச்சான்: ...ஆளே தெரியாம, அது யாருக்குப் போய்ச் சேரும்?

பசை: எனக்கும் அதான் சந்தேகம். 'அவன் பல் வேரோடு ஆடட்டும்'னு படிச்சேன். மறுநாள் நீங்க கன்னம் வீங்கி வேலைக்கு வந்தீங்க.

மச்சான்: அது... சொத்தைப் பல்லு மாப்ள.

பசை: இருக்கட்டும். அடுத்த பக்கத்துல கண்ணு போகணும்னு இருந்துச்சு. அவளுக்கு இருக்கிறது ஒரே அண்ணன். அன்னிக்கே பிரிச்சுட்டேன்.