மடத்துச் சுவருக்கு உள்ளே

— யேசுரட்ணம், நான் சொல்லுறதைக் கேள். வெளியில வா. காவல்காரக் கிழவர் நாலு மணிக்குக் கதவைப் பூட்டப் போறார். நீ வராட்டில் பொலிசுக்குப் போன் அடிப்பாராம்.

— அடிக்கட்டும் இசபெல் அக்கா. பொலிசுக்கு இதுக்குள்ள கால் வைக்க ஏலாது.

— ஆர் சொன்னது?

— அந்தப் பலகையை வாசி. அகுஸ்தீன் சபைத் துறவியள் தொளாயிரம் வருசத்துக்கு முன்னம் கட்டின மடம். அடைக்கலம் எண்டு ஓடி வந்தவனை ராசாவே தொட ஏலாதாம்.

— நாப்பது நாளுக்குத்தான் எண்டும் கிடக்கு.

— நாப்பது நாள் காணும் அக்கா.

— விசரா! வெள்ளைக்கார ராசா எட்டாம் ஹென்றி இடிச்சுக் கல்லெல்லாம் ஏத்திக்கொண்டு போட்டான். மிச்சம் முழங்கால் உயரச் சுவர். இப்ப மேல றோட்டுப் போட்டு, தலைக்கு மேல கார் ஓடுது.

— கல்லைத்தானே கொண்டு போனான். மந்திரிச்ச மண்ணை எங்க கொண்டு போறது? ஊரில சண்டை நேரம் மடு மாதா கோயில் வளவுக்குள்ள நாங்கள் கொட்டில் போட்டுக் கிடக்கேக்க ஆமி றோட்டோட நிண்டான். நாங்கள் இருந்த மட்டும் உள்ள வந்தவனோ? நீயும் கண்டனிதானே.

— அது மடு. அங்க மாதா இருந்தா. இந்தக் கோலியர்ஸ் வுட்டில ஆர் இருக்கினம்?

— மடத்துச் சாமிமார் இருக்கினம். அந்தக் காலத்தில இதுக்குள்ளதான் புதைச்சதாம்.

— மாதாவே! நீ எதுக்கு மேல இருக்கிறாய்?

— பயப்படாதை. அவையள் இமிகிரேசன்காரர் மாதிரி ஆருக்கும் கடிதம் போடமாட்டினம்.

— தம்பி, லோயரிட்ட ஒருக்காப் போய்க் கதைப்பம்.

— கதைச்சு? எனக்கு வந்த கடிதத்தில திங்கட்கிழமை உடுப்புப் பையோட வரட்டாம். பையோட எண்டால் நேர ஏர்போட்தான். என்னோட அறையில இருந்த பாலசுப்பிரமணியனைக் கொழும்புக்கு ஏத்தி மூண்டு மாசம். ஆள் எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. நேற்றில இருந்து ஒரு வாய் சோறு இறங்கேல்லை.

— எனக்கு மட்டும் இறங்கினதோ?

— நீ போ. டூட்டிங் கடையில உனக்கு ஷிப்ட் எல்லோ?

— போகேல்லை.

— ஏன் அக்கா?

— கிழவர் கதவைப் பூட்டத் திறப்போட வாறார்.

— வரட்டும். என்னெண்டு சொல்லு.

— காலமைத் தபாலில எனக்கும் அதே கடிதம் வந்திட்டுது. தள்ளி இரு தம்பி, நானும் உள்ளுக்கு வாறன்.